சின்னச்சாமி அண்ணன் கண்டுபிடித்த ஊர்

“அக்கா, அப்பா போயிட்டாருங்க” என்று சோமனூரிலிருந்து சின்னச்சாமி அண்ணன் மகள் கவிதா போனில் சொன்னபோது நான் மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். “எந்தக் காட்டுல?” என்றுதான் முதலில் கேட்டேன். பாழாய்ப்போன வாய் முந்திக்கொண்டது. “காட்டுல இல்லீங்க்கா, ஊட்டுலதானுங்க. காபி குடிச்சுப்போட்டுச் சேர்ல உக்காந்திருந்தாரு, அப்படியே…” என்று அந்தப் பெண் அழுதாள். முப்பது வருஷம் யானையும் அட்டையும் காட்டெருமையும் விட்டுவைத்த மனிதர், தன் வீட்டு நாற்காலியில் போயிருக்கிறார். கத்தரிக்காயைக் கூடையிலேயே போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

சின்னச்சாமி அண்ணனோடு ஒருமுறையாவது மலையேறிய உங்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பன்னிரண்டு விசைத்தறி வைத்திருந்தார். மாதத்தில் இரண்டு நாள் தறியை மனைவி சரசு அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு, வனத்துறை அனுமதிக் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வால்பாறை பஸ்ஸைப் பிடித்துவிடுவார். ஆனைமலைக் காட்டுக்குள் ஒரு பழைய நகரம் புதைந்து கிடக்கிறது என்பது அவர் நம்பிக்கை. இளவயதில் அவர் தோட்டத்து உழவில் மாலையில் கோக்கிற பழங்காலத்துச் சிவப்புக் கல்மணி ஒன்று கிடைத்திருக்கிறது. “அதைய மேக்க கடக்கரையில இருந்து கொண்டாந்தவன் நடுவால எங்கியோ தங்கியிருக்கோணுமல்லங்க? தங்குன எடத்துல ஊரு இருந்திருக்கோணுமல்லங்க?” என்பார். அவ்வளவுதான் ஆதாரம். அந்த ஒரு மணியை வைத்துக்கொண்டு ஒரு ராஜ்ஜியத்தையே கட்டிவிட்டார்.

நான் அப்போது பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் டிராயிங் போட்டுக்கொண்டிருந்தேன். யாரோ சொல்லி என்னைத் தேடி வந்தார். கையில் பென்சிலால் கிறுக்கிய காட்டு வரைபடம். “அம்மணி, மோட்டாருக்குள்ள இருக்கறத வெளிய தெரியற மாதிரி போடறீங்கல்ல. மண்ணுக்குள்ள இருக்கறதப் போட முடியாதுங்களா?” என்று கேட்டார். சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்புதான் தப்பு. அதற்குப் பிறகு இருபது வருஷம் அவருக்கு வரைபடம் போட்டேன்.

சரசு அக்கா என்னிடம் ஒருமுறை சொன்னார்: “வேற பொம்பளைன்னாக்கூடச் சண்டை போட்டுக் கூட்டிட்டு வந்தரலாமுங்க. இவரு காட்டைக் கட்டிட்டு அழுகறாரு. காடுகிட்டப் போயி என்னான்னு கேக்கறது?” சொல்லிக்கொண்டே அவருக்குக் கட்டுச்சோறு கட்டினார். அட்டைக்கு உப்புப் பொட்டலத்தையும் மறக்காமல் வைத்தார்.

வேலையில் அண்ணன் கறார். ஒருமுறை ஓர் ஓடையின் வளைவை நான் தப்பாகப் போட்டுவிட்டேன். அந்த இடத்தை மட்டும் அழித்துத் திருத்திக் கொடுத்தால் போதும் என்று நினைத்தேன். தறியில் துணியின் இழை எண்ணுகிற லென்ஸை எடுத்து வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தார். “துணியில ஒரு எழை உட்டுப்போச்சுன்னா, பாத்த எடத்துல முடிச்சுப் போட்டா ஆகாதுங்க அம்மணி. உட்டுப்போன எடம் வரைக்கும் பிரிச்சுப்போட்டு, மறுக்கா நெய்யோணுமுங்க” என்றார். நான்கு தாள்களையும் திரும்பப் போட்டேன். ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்த மாதிரியும் தெரியவில்லை.

சில வருஷங்களுக்கு முன் அந்த போன் வந்தது. “அம்மணி, கெடைச்சிருச்சுங்க.” மறுநாளே என்னையும் கூட்டிக்கொண்டு ஏறினார். கைவிடப்பட்டுக் காட்டோடு சேர்ந்துவிட்ட பழைய எஸ்டேட்டின் மேல் சரிவு. கொடிகளை விலக்கினால் கருங்கல் மேடைகள், வரிசை வரிசையாக. “பாருங்க, தெரு நேரா ஓடுது. ஒரே அளவுல ஊடு. நடுவால வாய்க்கா கட்டியிருக்கறான் பாருங்க, அடேயப்பா!” அறுபத்தைந்து வயது மனிதர் கல்லுக்குக் கல் தாவினார். ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கண்ணில் தண்ணீர். “எத்தன ஆயிரம் வருசமோ!” என்றார்.

நான் ஆறாவது மேடையைத் தாண்டியதும் நின்றுவிட்டேன். அங்கே மண்ணில் பாதி புதைந்து ஓர் ஆட்டுக்கல் கிடந்தது. விளிம்பில் கையகலத்துக்கு உடைந்திருந்தது. உலக்கையைப் போட்டு அதை உடைத்தவள் என் அக்கா. அதற்காக அம்மாவிடம் அவள் வாங்கிய அடி ஐந்து வயதில் நான் பார்த்தது. அது தேயிலைத் தொழிலாளர்களின் லைன் வீடு. நான் பிறந்த லைன்.

சொல்லியிருக்க வேண்டும். அப்பா இறந்ததும் அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு மலையிறங்கிய நாளிலிருந்து, எனக்கு ஊர் பொள்ளாச்சி. பள்ளிக்கூடத்தில் பொள்ளாச்சி, கம்பெனியில் பொள்ளாச்சி, அண்ணனிடமும் பொள்ளாச்சி. எங்கள் பக்கத்தில் எந்த ஊர் என்று கேட்கிறவர்களின் அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும். லைன் என்று சொன்னால் அந்த அடுத்த கேள்விக்கு அவசியமே இருக்காது. கேட்காமலே முடிவுகட்டிவிடுவார்கள். உண்மையைச் சொன்னால் அவருடைய முப்பது வருஷமும் போய்விடும், என் பொள்ளாச்சியும் போய்விடும். வாயை மூடிக்கொண்டு அளவெடுத்தேன். என் அம்மா சமைத்த இடத்தை ‘அறை 7’ என்று எழுதினேன். வெட்கக்கேடு.

அண்ணன் சோமனூரில் கல்யாண மண்டபம் பிடித்துக் கூட்டம் போட்டார். தறிக்காரர்கள், வாத்தியார்கள், சொந்தக்காரர்கள் என்று மண்டபம் நிரம்பிவிட்டது. கிறுக்கன் என்று சிரித்தவர்களே சால்வை போட்டார்கள். என் வரைபடத்தைப் பெரிதாக்கி மேடையில் மாட்டியிருந்தார்கள். சரசு அக்கா பட்டுப்புடவையில் முதல் வரிசை. கணவரைப் பார்த்து அந்த அம்மாள் அப்படிப் பூரித்து நான் கண்டதே இல்லை. அதைப் பார்க்க முடியாமல் நான் எழுந்து கடைசி வரிசைக்குப் போய்விட்டேன்.

நான்காம் நாள் அவர் தறிப்பட்டறைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். தறிச் சத்தத்தில் முதலில் அவருக்குக் கேட்கவில்லை. இரண்டாவது தடவை கத்த வேண்டியிருந்தது. “அது லைன் வீடுங்கண்ணா! நான் பொறந்த எடம்! எனக்குப் பாத்தப்பவே தெரியும்!” கையைத் தூக்கித் தறிகளை நிறுத்தச் சொன்னார். ஒன்றொன்றாய் நின்றன. முகம் வெளுத்துவிட்டது. திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். அவரோ, “இத்தன நாளா மனசுக்குள்ள வெச்சுட்டு எப்படீங்க அம்மணி இருந்தீங்க?” என்று கேட்டார். நான் அங்கேயே நூல் மூட்டையின் மேல் உட்கார்ந்து அழுதேன்.

அடுத்த மாதம் அதே மண்டபத்தைப் பிடித்தார். சரசு அக்கா கெஞ்சினார். பேசாமல் விட்டால் ஊர் தானாக மறந்துவிடும் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். கேட்பாரா? வந்தது இருபது பேர் இருக்கும். “நான் சொன்னது தப்புங்க. அது தேயிலைக்காட்டுல வேல செஞ்ச சனங்க குடியிருந்த எடம்” என்றார். பின்வரிசையில் சிரித்தார்கள். வராதவர்களின் வீடுகளுக்கு ஒரு மாதம் நடந்தார், சால்வைகளையெல்லாம் ஒரு பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு. போர்த்தியவர்களிடமே திருப்பிக் கொடுத்தார். என் பெயரை எங்கும் சொல்லவில்லை.

பிறகு வரைபடத்தோடு என்னிடம் வந்தார். “அறை ஏழுன்னு போட்டிருக்கீங்க. அது யாரு ஊடுங்க?” எங்கள் வீடு என்றேன். “உங்கம்மா பேரு?” ராக்கம்மா என்றேன். எண்ணை அழித்துவிட்டு அந்தப் பெயரை எழுதச் சொன்னார். அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு என்று கேட்டார். எனக்குத் தெரியாததற்கு, லைனிலிருந்து இறங்கியவர்களை மதுக்கரை வரைக்கும் தேடிப்பிடித்துக் கேட்டார். இரண்டு வருஷத்தில் நாற்பத்திரண்டு வீட்டுக்கும் பெயர் வந்துவிட்டது. அதற்காகக் கல்மணி நகரத்தை அவர் விட்டுவிட்டார் என்று நினைக்காதீர்கள். “அது வேற பக்கம் இருக்குதுங்க” என்று முழங்கால் ஒத்துழைத்த வரைக்கும் ஏறிக்கொண்டேதான் இருந்தார்.

அண்ணா, உங்களுக்கு நான் நன்றி சொன்னதே இல்லை. பக்கத்தில் இருந்தபோது சண்டை போடத்தான் நேரம் இருந்தது. இப்போது சொல்கிறேன். உங்கள் லென்ஸை எனக்குத் தருவதாகக் கவிதா சொன்னாள். நீயே வைத்துக்கொள் கண்ணு என்றுவிட்டேன். எனக்கு வேண்டியதை நீங்கள் முன்பே கொடுத்துவிட்டீர்கள். அது என்னவென்று நீங்கள் போன அன்றைக்கு உங்கள் வீட்டிலேயே தெரிந்தது.

பெண்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். முன்பின் பார்த்திராத ஒரு பெரியம்மா என் பக்கம் திரும்பி, “ஏனுங்க அம்மணி, உங்களுக்கு எந்த ஊருங்க?” என்று கேட்டார்.

“வால்பாறைக்கு மேலிங்க. எஸ்டேட்டு, மூணாவது லைன்” என்றேன்.

அந்த அம்மாள் அடுத்த கேள்விக்கு வாயெடுப்பதற்குள், அழுது முகம் வீங்கிக் கிடந்த சரசு அக்கா நிமிர்ந்தார்.

“ராக்கம்மா மகளுங்க பெரீம்மா. ஏழாவது ஊடு” என்றார். “எங்க ஊட்டுக்காரரு கண்டுபுடிச்ச ஊருங்க.”