நாலாவது சக்கரத்து எலுமிச்சம்பழம்

பெல்மதுளையில் ஒரு டயர் கடையில் வீல் அலைன்மென்ட் செய்வது என் வேலை. கொடகவெலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவள். பொம்பளைக்கு டயர் கடையில் என்ன வேலை என்று கேட்டவர்கள் எல்லாம் இப்போது என்னிடம்தான் வண்டியை விடுகிறார்கள். டயர் வெடிக்கிற சத்தம் எனக்குப் புதிதல்ல. ஆனாலும் அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வந்த காலையை நான் இன்றும் மறக்கவில்லை.

இரத்தினபுரியில் மாணிக்கக்கல் வியாபாரம் செய்யும் இளைஞர் அவர். கார் தரையோடு தரையாக இருந்தது. அழகுக்காக ஸ்ப்ரிங்கை வெட்டி இறக்கியிருந்தார். பக்கத்தில் மனைவி, மடியில் குழந்தை. கதிர்காமத்துக்கு முடி இறக்கப் போகிறார்கள்.

"அக்கா, நாலுக்கும் காத்து ஃபுல்லா அடிங்க. டயர் எல்லாம் புதுசு மாதிரி இருக்கு, பாருங்க."

பார்த்தேன். புதுசு மாதிரிதான் இருந்தது. காற்றடித்து முடித்ததும் அவர் மனைவி பையிலிருந்து நாலு எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டினார்.

"அக்கா, சக்கரத்துக்கு வச்சுடுங்க. மிதிச்சுட்டுப் போறோம்."

மூன்று சக்கரத்துக்கு வைத்துவிட்டேன். பின்பக்க இடது சக்கரத்துக்கு வைத்தது மட்டும் நிற்காமல் உருண்டு காருக்கு அடியில் போய்விட்டது. படுத்துக்கொண்டு கையை உள்ளே விட்டுத் துழாவினேன். சுருக்கென்று ஏதோ குத்தியது. கையை இழுத்தால் விரலெல்லாம் இரத்தம். கையோடு வந்த பழமும் சிவந்திருந்தது.

"உள்பக்கம் வயர் வெளிய வந்திருக்கு தம்பி. இந்த டயர்ல போகாதீங்க."

"ஐயோ அக்கா, நல்ல டயரையும் மாத்தச் சொல்றீங்களே! கடைக்காரங்க எல்லாம் ஒரே மாதிரிதான்."

எனக்குச் சுர்ரென்று வந்தது. பதில் சொல்வதற்குள் அவர் மனைவி குழந்தையோடு இறங்கிவிட்டார். டயர் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. சாமிக்குப் போகிற நேரத்தில் பழத்தில் இரத்தத்தைப் பார்த்தது போதும்.

"ஏறு, நேரமாகுது."

"முடியாதுங்க. நல்லா பார்த்துட்டு அப்புறம் போவோம்."

எங்கள் முதலாளி வெளியே வந்து, "ஹரி ஹரி, சரி விடுங்க, சண்டை வேணாம். ரேம்புல ஏத்துங்க தம்பி, ஒரு தடவ பார்த்துருவோம்" என்றார்.

முணுமுணுத்துக்கொண்டே அந்த இளைஞர் காரை எடுத்தார். முன்னால் வைத்த பழங்கள் நசுங்கின. கடை வாசல் சாக்கடைக் கானுக்கு மேல் போட்டிருந்த கொங்கிரீட் சிலாப்பின் விளிம்பில் பின்சக்கரம் ஏறியதுதான் தெரியும். டயர் வெடித்தது, அப்படி ஒரு சத்தம். பஸ் ஹோல்ட்டில் பஸ்ஸுக்காக நின்றவர்கள் ஓடி வந்தார்கள். நடை வேகத்தில் போன கார்! எம்பிலிப்பிட்டிய தாண்டி நீளமாகக் கிடக்கும் ரோட்டில் இவர் என்ன வேகத்தில் போயிருப்பார் என்று மனசு போனது. அதற்கு மேல் நினைக்க முடியவில்லை.

டயரைக் கழற்றினோம். வெளிப்பக்கம் நன்றாகவே இருந்தது. உள்பக்கம் இரண்டு விரல் அகலத்துக்கு ரப்பரே இல்லை, பிய்ந்த கொழுந்துக் கூடை மாதிரி வயர் நீட்டிக்கொண்டிருந்தது. காரை இறக்கியதில் சக்கரங்கள் உள்ளே சாய்ந்து, அந்த ஓரம் மட்டும் தேய்ந்திருக்கிறது. வலது சக்கரத்தைத் திருப்பினால் அதுவும் அப்படியே.

அந்த இளைஞர் இன்னும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். மனைவி திட்டவில்லை. கதவைத் திறந்து குழந்தையை அவர் மடியில் வைத்தார்.

"பஸ்ல போவோம்ங்க."

அவர் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விசும்பினார். நானும் அழுதேன், ஏன் மறைக்கணும்?

அந்த சைஸ் டயர் கொழும்பிலிருந்து வந்து சேரும்வரை கார் எங்களிடமே நின்றது. ஸ்ப்ரிங்கையும் மாற்றி, பழைய உயரத்துக்கே ஏற்றிவிட்டோம்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். காற்றடிக்க மட்டும் வந்த வண்டியாக இருந்தாலும் உள்பக்கம் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். நான் தடவுவதைப் பார்த்து, "என்னக்கா, டயருக்கு எண்ணெ தேய்க்கிறீங்களா?" என்று கேலி செய்வார்கள். செய்யட்டும்.

காரை எடுக்க வந்த அன்று குழந்தையையும் தூக்கி வந்திருந்தார்கள். மொட்டைத் தலை, மேலே சந்தனம். அன்று குத்துப்பட்ட கையால்தான் அந்தத் தலையைத் தடவினேன்.