ஃபோர்ட்ரான் புத்தகத்துக்குள் இருந்த கவர்

மதுரையில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தபோது எனக்கு நெருங்கிய நண்பன் பெரியசாமி. அவனுடைய ஊரான திருவாதவூருக்குத் தபால் தாமதமாகப் போகும் என்று, வேலைக்கான விண்ணப்பங்களில் எல்லாம் கே.கே. நகரிலுள்ள எங்கள் வீட்டு விலாசத்தையே எழுதுவான்.

ஒருநாள் அவன் பெயருக்கு நீளமான கவர் ஒன்று வந்தது. காலையில் வகுப்பில் கொடுக்கலாம் என்று என் ஃபோர்ட்ரான் புத்தகத்துக்குள் வைத்தேன். விடிந்தபோது எனக்கு நல்ல காய்ச்சல். பத்து நாள் படுத்து எழுந்ததில் கவரை அடியோடு மறந்துபோனேன்.

பரீட்சைக்கு முந்தின நாள் புத்தகத்தைத் திறந்தபோது அது மடியில் விழுந்தது. பதறிப்போய்ப் பிரித்தேன். மெட்ராஸ் கம்பெனி ஒன்றில் இன்டர்வியூ. தேதி முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது.

மறுநாள் பரீட்சை ஹால் வாசலில் பெரியசாமி வழக்கம்போல் கேட்டான்.

"மாப்ள, எனக்கு ஏதும் கடுதாசி வந்துச்சாடா?"

சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் போயிருந்தேன். "இல்லடா" என்றுதான் வாயில் வந்தது.

இப்போது ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறேன். மாணவர் பெயருக்குக் கவர் வந்தால் பாடத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். என் எதிரிலேயே பிரிக்கச் சொல்கிறேன்.

பெரியசாமி ஊரில் உரக்கடை வைத்திருக்கிறான். போன மாதம் வீட்டுக்கு வந்தவன், "ஒங்க வீட்டு அட்ரஸ் எனக்கு ராசியில்லாமப் போச்சு மாப்ள" என்று சிரித்தான். அவன் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பின்னால் இருந்த அலமாரியில்தான் அந்தக் கவர் இன்னும் இருக்கிறது.

இந்தப் பத்திரிகையை அவனும் படிப்பான். என் பெயரையும் விலாசத்தையும் மறைக்காமல் போடும்படி ஆசிரியரைக் கேட்டிருக்கிறேன்.