பக்கத்து வயலைக் கேட்காதவர்

மாநில மக்காச்சோள விவசாயிகள் சங்கத்தின் செயலாளருக்கு ‘மைக்கு’ என்று பட்டப்பெயர். பேசுவதற்கு அவருக்கு மைக் தேவையில்லை என்பதால் வந்த பெயர் அது. பம்புசெட் பழுதுபார்க்கும் கடையின் மாடியில்தான் சங்க அலுவலகம். கீழே மோட்டார் உறுமும்போதும் அவர் குரல் தெருமுனை வரை கேட்கும். வீட்டில் மட்டும் அவர் வாயைத் திறப்பது அபூர்வம்.

“ஊருக்கெல்லாம் பேசித் தீத்துட்டு எனக்கு வெறும் தொண்டையைக் கொண்டு வர்றீங்க” என்பார் மனைவி, கொப்பளிக்க வெந்நீரில் உப்பைப் போட்டபடி.

சங்கம் என்னதான் செய்கிறது என்று யாராவது தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டால் அன்று அவர்கள் பேருந்தைத் தவறவிட வேண்டியதுதான். தலைநகரில் அதிகாரிகளின் வாசலில் காத்துக்கிடப்பது, புழு விழுந்தால் எந்த மருந்தை எப்போது அடிப்பது என்று மாவட்டம் மாவட்டமாகப் போய்க் கத்துவது, கொள்முதல் களத்தில் சோளத்தின் ஈரத்தை அளக்கும் வியாபாரியின் ஈரமானிக்குப் பக்கத்தில் சங்கத்தின் ஈரமானியை வைத்துப் பார்ப்பது. இரண்டு கருவிகளும் மாமியாரும் மருமகளும் போல; ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. சங்கத் தலைவருக்கு ஒரு திறமை உண்டு: எந்த மேடையிலும் நடு நாற்காலியில் கச்சிதமாகப் பொருந்திவிடுவார். மீதி எல்லாம் மைக்கு.

அந்த ஆண்டு சங்கம் புதிதாக ஒன்றைத் தொடங்கியது. சிறு விவசாயிகளையே விதைச்சோளம் விளைவிக்க வைப்பது. விதை வயலில் ஆண் வரிசை, பெண் வரிசை என்று பிரித்து நடுவார்கள். பெண் வரிசைச் செடிகளின் உச்சியில் வரும் ஆண்பூவை விரிவதற்குமுன் உருவி எறிந்துவிட வேண்டும். மகரந்தம் ஆண் வரிசையிலிருந்து மட்டுமே வந்து விழ வேண்டும். நல்ல கூப்பிடு தூரத்துக்கு வேறு சோளம் பூக்கவே கூடாது. காற்றுக்கு வரப்பு தெரியாது. அந்நியத் தூள் விழுந்தால் விதை விதையாகாது; கோழித்தீவனமாகத்தான் போகும்.

மைக்குவின் பேச்சைக் கேட்டு முதல் ஆளாக இறங்கியவர் ஒரு தையல்காரம்மா. கண் மங்கி ஊசியில் நூல் கோக்க முடியாமல் போனபின், கடையை மூடிவிட்டு மைக்குவின் அண்ணன் வயலுக்கு அடுத்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தார்.

“சுத்தி யாரும் சோளம் போடமாட்டாங்களா அண்ணே?”

“ரெண்டு பக்கம் காலனி, ஒரு பக்கம் குளம், இந்தப் பக்கம் எங்கண்ணன். அவர் பருத்தி போட்டிருக்கார். நான் பொறுப்பும்மா.”

அண்ணனின் பருத்தி அந்த ஆண்டு மழையில் அழுகியது. அழித்துவிட்டு, தையல்காரம்மா விதைத்த அதே வாரத்தில் மக்காச்சோளம் விதைத்தார். ஊரில் எல்லோருக்கும் தெரியும். மைக்குவிடம் யாரும் சொல்லவில்லை. கூடப்பிறந்தவனுக்குத் தெரியாமலா இருக்கும் என்று ஊர் நினைத்தது. தையல்காரம்மாவும் அப்படித்தான் நினைத்தார். செயலாளரே பொறுப்பேற்றபின் இதற்கும் ஏதோ கணக்கு வைத்திருப்பார் என்று. செயலாளரோ வாரக்கணக்கில் தலைநகரில், விவசாயிகளுக்குள் தகவல் தொடர்பு எவ்வளவு அவசியம் என்று பேசிக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்து பார்த்தபோது அண்ணனின் சோளம் நெஞ்சளவு நின்றது. இன்னும் சில நாளில் பூ தலைகாட்டிவிடும்.

அண்ணன் மாட்டுக்கொட்டகையில் மருந்தடிக்கும் டேங்கின் மூக்கை ஊதிக்கொண்டிருந்தார்.

“வாங்க மாநிலம்” என்றார், நிமிராமல்.

“அண்ணே, பருத்தின்னு சொன்னீங்களே.”

“அழுகிடுச்சு. ஊருக்கே தெரியும்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

மைக்கு தொண்டையைச் செருமினார். “அண்ணே, இந்த மாநிலத்துல விதை உற்பத்தின்னு பாத்தீங்கன்னா...”

“மெல்லப் பேசுடா. மாடு மிரளுது.”

மாடு மிரளவில்லை, வைக்கோலைத் தின்றுகொண்டுதான் இருந்தது. ஆனாலும் மைக்கு குரலைத் தாழ்த்தினார். தாழ்ந்த குரலில் என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

“ஊர் ஊராப் போய் எவன் எவனையோ கேட்டே, என்ன போடப்போறே, எப்பப் போடப்போறேன்னு” என்றார் அண்ணன். “இந்தக் கொட்டகைக்கு வர வழி தெரியலை ஒனக்கு. இப்ப வெட்டிப்போடுன்னு சொல்ல வந்திருக்கே.”

“வெட்ட வேணாம். உங்க வயல்லயும் பூவை உருவிட்டா போதும். தூள் அந்தம்மா வயல்லேர்ந்து உங்களுக்கு வந்து விழும், மணி பிடிக்கும்.”

“தள்ளி இருக்கிற பக்கம்?”

தள்ளி இருக்கும் பக்கத்துக்கு எவ்வளவு தூள் போய்ச் சேரும் என்பது இருவருக்கும் தெரியும்.

அண்ணன் டேங்கைக் கீழே வைத்தார். “கண்ணு தெரியாத பொம்பளை. ஒன் பேச்சை நம்பி எறங்கிருக்கு. சரி, உருவு. ஆனா ஆள் விடாதே. கூலிக்கு வர்றவன் பூவோட ரெண்டு எலையையும் சேத்துப் பிடுங்குவான். நீ எடு.”

அப்படித்தான் மாநிலச் செயலாளர் விடிந்ததும் விடியாததுமாக அண்ணன் வயலுக்குள் நுழைந்தார். செடிகள் ஒன்றாகப் பூப்பதில்லை. எடுத்த வரிசைக்கே மறுநாளும் போக வேண்டும். சோளத் தோகை முழங்கையைக் கீறியது. கழுத்தில் அரிப்பு. அந்தப் பக்கம் தையல்காரம்மா தன் பெண் வரிசைகளில் கையால் தடவித் தடவிப் பூவைப் பிடித்து உருவிக்கொண்டிருந்தார். நடுவில் ஒருமுறை தலைவரின் அழைப்பு.

“அமைச்சர் நேரம் கொடுத்திருக்கார்யா. எங்க இருக்கே?”

“வயல்ல.”

“எந்த மாவட்டம்?”

“எங்கண்ணன் வயல்.”

தலைவர் தனியாகப் போனார். நடு நாற்காலியில் அமர்ந்து இரண்டே வாக்கியம் பேசினார். “பரிசீலிக்கிறோம்” என்றார் அமைச்சர். மைக்கு மணிக்கணக்கில் முழங்கியபோதும் கிடைத்தது இதே சொல்தான். இந்தச் செய்தி முழங்கைக் கீறலைவிட அவருக்கு எரிந்தது.

அண்ணன் உதவிக்கு வரவில்லை. குறை சொல்ல வந்தார். தம்பி போன வரிசையில் பின்னாலேயே நடந்து, தோகைக்குள் ஒளிந்திருந்த ஒரு பூவைப் பிடுங்கி அவர் முதுகில் எறிந்தார்.

“இது என்ன, அலங்காரத்துக்கு விட்டியா? இது ஒண்ணு விரிஞ்சாப் போதும், அந்தம்மா பொழைப்பு போச்சு.”

மறுநாளிலிருந்து அவரே தம்பிக்கு முன்னால் வயலுக்கு வந்துவிட்டார். ஆளுக்கு ஒரு வரிசை. பேச்சு அதிகமில்லை, திட்டு மட்டும் தாராளம்.

விதை ஆய்வாளர் வந்தார். தையல்காரம்மாவின் வயலைவிட அண்ணன் வயலில்தான் அதிக நேரம் நடந்தார். தோகைகளை விலக்கி விலக்கிப் பார்த்தார். வரப்பில் நின்ற மூவரும் அவர் தலை தெரிந்த பக்கமெல்லாம் திரும்பினார்கள். வெளியே வந்து பேண்ட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு, “தேறிடுச்சு” என்றார்.

தையல்காரம்மா கைகூப்பியபடி மைக்குவை நோக்கி வந்தார். அவரைத் தாண்டிப் போய் அண்ணன் முன்னால் நின்றார். “பெரியண்ணே...” என்றார்.

“போம்மா, தண்ணி பாய விட்டுட்டு வந்திருக்கே” என்றார் அண்ணன்.

மைக்குவுக்குச் சுருக்கென்றது. பிறகு யோசித்துப் பார்த்தார். வயல் யாருடையதோ நன்றியும் அவருக்குத்தானே என்று தோன்றியது.

அறுவடையில் அண்ணனின் வயலில் ஒரு பாதி குறை வைக்கவில்லை. தையல்காரம்மா வயலை ஒட்டிய வாய்க்கால் ஓரத்துக் கதிர்கள் திரட்சியாக இருந்தன. தள்ளியிருந்த பக்கத்தில் உரித்த கதிரெல்லாம் பொக்கை வாய். இங்கொரு மணி, அங்கொரு மணி. அண்ணன் ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் குவியலில் போட்டார். திட்டியிருந்தால் மைக்குவுக்குத் தேவலையாக இருந்திருக்கும். நஷ்டத்துக்குச் சங்கம் ஏதாவது செய்ய வேண்டும் என்று அடுத்த கூட்டத்தில் பேச அவர் மனத்துக்குள் முன்னுரை தயாரித்துக்கொண்டிருந்தார்.

அப்போது வாய்க்காலைத் தாண்டி ஒரு வண்டி வந்தது. மேலே கதிர் மூட்டைகள், பக்கத்தில் தையல்காரம்மா. விதை வயலில் ஆண் வரிசைக் கதிர் விதைக்கு ஆகாது. முதலில் ஒடித்துத் தனியாக எடுத்துவிடுவார்கள். சாதாரணச் சோளமாக விற்க வேண்டியதுதான்.

“பெரியண்ணே, ஆண் வரிசை மொத்தமும் இதுல இருக்கு. உங்க குவியல்லயே கொட்டிடச் சொல்லுங்க.”

“எதுக்கும்மா? ஒன் வெள்ளாமை.”

“பூவை எடுத்தது நீங்க, பொக்கை விழுந்தது உங்களுக்கு. தூள் கொடுத்த வரிசையாச்சும் உங்க களத்துல கெடக்கட்டும்.”

அண்ணன் குவியலையும் வண்டியையும் பார்த்தார். “பாதி எறக்கு. பாதி எடுத்துட்டுப் போ.”

“முழுசும்.”

“சொன்னாக் கேளும்மா.”

“கேக்கமாட்டேன்.”

மைக்கு முன்னால் வந்தார். “நான் என்ன சொல்றேன்னா, சங்கத்தோட நிலைப்பாடு வந்து...”

“நீ மூட்டையை எறக்குடா” என்றார் அண்ணன்.

“ஆமாண்ணே, எறக்குங்க, மழை வர்ற மாதிரி இருக்கு” என்றார் தையல்காரம்மா.

செயலாளர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வண்டியில் ஏறினார்.