ஏழாம் நம்பர் கீயில் சந்தனம்

ஆயுத பூஜை லீவு முடிஞ்சு இன்னிக்கு அம்பத்தூர் எஸ்டேட் ஆபீஸுக்குப் போனா, புரோகிராம் எழுதற எடிட்டர்லேர்ந்து டேட்டாபேஸ் கனெக்ட் ஆகல. 'பாஸ்வேர்டு தப்பு'ன்னே வருது.

செட்டிங்ஸ் ஃபைலை மாத்தினேன். சர்வரையே ரீஸ்டார்ட் பண்ணேன். மதியம் வரைக்கும் அதே பாட்டு.

புதுசா சேர்ந்த சுமதி வந்து என் கீபோர்டைப் பார்த்தா.

"பூஜைக்கு வெச்ச சந்தனம் காஞ்சுபோய், பாஸ்வேர்டுல வர்ற ஏழு அமுங்கல சார். பாஸ்வேர்டு அடிச்சா திரையில தெரியாது, அதான் உங்களுக்குப் புரியல."

ஊக்கால சுரண்டினா. உடனே கனெக்ட் ஆச்சு.

மேனேஜர் என் முன்னாடியே, "பொண்ணு இன்னா ஷார்ப்பா கீது பாரு!"ன்னார்.

எனக்கு வயிறு எரியுது. அந்தச் சந்தனத்தை வெச்சதே அவதானே! மேனேஜர்கிட்ட சொல்லியும் பார்த்தேன்.

"அட, பொண்ணுக்கு பக்தி வேற கீதே!"ன்னு உருகறார்.

நான் எங்க போய் முட்டிக்கிறது, சொல்லுங்க.