மறுபடியும் முதல் வாரத்திலிருந்து

முதல் தடவை ஜோசபின் தேறவில்லை.

பெங்களூரில் ஓர் இறையியல் கல்லூரியில் ஆற்றுப்படுத்தல், அதாவது கவுன்சலிங், முதுகலைப் படிப்பு. அதில் பத்து வாரம் மருத்துவமனை வார்டில் நோயாளிகளோடு உட்கார்ந்து பேச வேண்டும். பேசியதை வரி விடாமல் எழுதிக்கொண்டுவந்து காட்ட வேண்டும். பத்தாவது வாரம், மேற்பார்வையாளர் குளோரியா அந்தத் தாள்களை மேஜையில் பரப்பினார். ஜோசபினைவிடப் பன்னிரண்டு வயது இளையவர்.

"நீங்களே படிச்சுப் பாருங்க. அந்தம்மா 'பயமா இருக்கு'ன்றாங்க. அடுத்த வரியில நீங்க என்ன சொல்றீங்க?"

"பயப்படாதீங்க, டாக்டர் ரொம்ப நல்லவர்னு சொன்னேன் மேடம்."

"அதோட அவங்க வாயை மூடிட்டாங்க. அதுக்கப்புறம் ரெண்டு பக்கமும் நீங்க மட்டும்தான் பேசறீங்க."

டிப்ளமோவாக மாற்றிக்கொண்டு இத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்றார் குளோரியா. இல்லையென்றால் பத்து வாரமும் முதலிலிருந்து.

"முதல்லேர்ந்தே பண்றேன்" என்றாள் ஜோசபின்.

பயப்படாதீங்க என்று அவள் சொன்னது பழக்கத்தில்தான். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியின் டிரான்ஸ்போர்ட் டெஸ்க்கில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவள். கேப் வரவில்லை என்று யார் கூப்பிட்டாலும் இரண்டே நிமிடத்தில் வேறு வண்டி அனுப்பிவிடுவாள். எதிரில் ஒருவர் கலங்கினால் உடனே எதையாவது செய்து சரிப்படுத்தியாக வேண்டும் அவளுக்கு.

அந்தப் பழக்கம்தான் அவளைப் படிக்கவும் வைத்தது. அவள் போகும் சர்ச்சின் பங்கில் ஓர் இளம்பெண்ணின் ஏழு மாதக் குழந்தை இறந்துபோனது. மகளிர் குழுவின் சார்பில் போன ஜோசபின் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் ஆண்டவரோட சித்தம்மா, மனசைத் தேத்திக்கோ" என்றாள். அந்தப் பெண் கையை உருவிக்கொண்டாள். "ஆன்ட்டி, தயவுசெஞ்சு கிளம்புங்க."

ஒரு வாரம் ஜோசபினுக்குக் கோபம். பிறகுதான் உறைத்தது: அந்த அழுகையைப் பார்க்கத் தன்னால் முடியவில்லை, அதை நிறுத்தத்தான் அப்படிச் சொன்னோம் என்று. போய் மன்னிப்புக் கேட்டாள். மன்னிப்புக் கேட்டால் மட்டும் போதாது என்று தோன்றியது. தபால் வழியில் வாங்கிய பி.ஏ. பட்டத்தைத் தேடி எடுத்து, நாற்பத்தாறு வயதில் விண்ணப்பம் போட்டாள்.

தேறாத செய்தியை ஈஜிபுரா வீட்டில் சொன்னபோது கணவர் சவரிமுத்து தலையில் அடித்துக்கொண்டார். "இன்னாத்துக்கு இந்த ரோதனை உனக்கு? டிப்ளமோ குடுக்கறாங்கன்னா வாங்கினு வருவியா..."

"தெரியாத வேலையைத் தெரியும்னு எழுதிக் குடுக்கிற பேப்பர் எனக்கு வேணாங்க."



இரண்டாம் தடவை, மூன்றாவது வாரத்தில் விஜய்குமாரைச் சந்தித்தாள். ஐம்பத்தெட்டு வயது. கோலார் தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்; சுரங்கத் தூசியில் நுரையீரல் கல்லாகிக்கொண்டிருந்தது. மூக்கில் ஆக்ஸிஜன் குழாய்.

"நாங்க புத்திஸ்டுங்க. ஜெபம் கிபமெல்லாம் வேணாம்" என்றார் எடுத்த எடுப்பில்.

"சரிங்க, பண்ணல."

"அப்பறம் எதுக்கு குந்தினுகீறீங்க?"

"போன்னா போயிடறேன்."

அவர் போகச் சொல்லவில்லை. பேசவும் இல்லை. ஜோசபினும் தங்கவயல்காரிதான், எந்தத் தொழிலாளர் லைன், யார் வீடு என்று கேட்க நாக்கு துடித்தது. இரண்டு கைகளையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டு இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தாள். மறுநாளும் அப்படியே.

மூன்றாம் நாள் அவரே ஆரம்பித்தார். "பொண்ணு வைட்ஃபீல்ட்ல கீது. பதினோராவது மாடி. அங்க இட்டுனு போறேன்றா. எனக்கு ஊருக்குப் போவணும். என் ஊட்லதான் சாவணும்."

மகளுக்குப் போன் போட்டு இரண்டு நிமிடத்தில் பேசி முடித்துவிடலாம். ஜோசபின் பல்லைக் கடித்துக்கொண்டாள். "அதை அவங்ககிட்ட சொல்ல எது தடுக்குது?" என்று மட்டும் கேட்டாள்.

வெகுநேரம் மூச்சு வாங்கினார். "அழுவா. அவங்கம்மா போனப்ப நான் அழவே வுடல அவள. தைரியமா இருன்னு அதட்டினேன். இப்ப எந்த மூஞ்சிய வெச்சுனு சொல்றது?"

அவர் அழுதார். ஜோசபின் பார்வையை விலக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த நாள் மகள் சங்கமித்ரா வராந்தாவிலேயே அவளை மறித்தாள். "அப்பாவுக்கு நீங்கதான் சொல்லிக்குடுத்தீங்களா? இவ்ளோ நாள் வாயே தொறக்காதவரு, நேத்து ஊருக்குப் போறேன்றாரு!"

இல்லை என்று சொல்லிவிடலாம், அதுதான் உண்மையும். ஆனால் அந்தக் குரலுக்குள் நடுங்கியது கோபம் இல்லை என்று ஜோசபினுக்குக் கேட்டது. "அவர் சொன்னதும் உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

சங்கமித்ரா சுவரில் சாய்ந்தாள். "என்னை வேணாம்னு சொன்ன மாதிரி இருந்துச்சு" என்றவள், அங்கேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். முடிந்ததும் தானாகவே அப்பாவிடம் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். ஜோசபின் கூடப் போகவில்லை.

அந்த வாரக் கடைசியில் விஜய்குமார் ஆக்ஸிஜன் கருவியோடு ஊருக்குப் போனார். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு மகளும் கூடப் போனாள். அதன்பின் நான்கு மாதம் உயிரோடு இருந்தார். கடைசி மாதம் அம்மாவைப் பற்றி அப்பா நிறையப் பேசினார் என்று சங்கமித்ரா போனில் சொன்னாள்.

அதற்கெல்லாம் முன்பே, பத்தாவது வார முடிவில், குளோரியா விஜய்குமாருடன் பேசிய அறிக்கையைப் படித்துவிட்டு ஓர் இடத்தில் பென்சிலால் கோடு போட்டார். "இங்க சட்டுனு பேச்சை மாத்திட்டீங்க."

"ஆமா மேடம். அவர் சாவுன்னு சொன்னதும் எனக்குப் பயம் வந்துடுச்சு."

"அதை மறைக்காம எழுதியிருக்கீங்களே, அது போதும். இந்தத் தடவை தேறிட்டீங்க." அவர் அடுத்த பருவத்துக்கான பட்டியலை எடுத்தார். "எலும்பு முறிவு வார்டு போறீங்களா? கொஞ்சம் லேசா இருக்கும்."

"வேணாம் மேடம்" என்றாள் ஜோசபின். "ஐ.சி.யு. வாசல்ல குடும்பத்தாளுங்க உக்காந்திருப்பாங்களே, அங்க என் பேரை எழுதுங்க."