இரண்டாயிரம் சொல்லுக்கு ஒரு வெட்டு

போன செவ்வாய்க்கிழமை ஓர் உத்தியோகத்தர் எங்கள் கொம்பியூட்டர் நிலையத்துக்கு வந்தார். கிளிநொச்சிப் பக்கத்துக் குளங்களைத் திருத்துவது பற்றி ஓர் அறிக்கை எழுதியிருக்கிறார். நீளம் என்றால் நீங்கள் நினைக்கிற நீளம் இல்லை... பிறின்ட் எடுத்தால் தலைக்கு வைத்துப் படுக்கலாம். அதை நாலு பேர் பங்கு போட்டு இங்கிலீசுக்கு மாற்ற வேண்டுமாம்.

"அண்ணை, சொல்லு எண்ணி நாலாய்ச் சமனாப் பிரிச்சுத் தாங்கோ. கூடிக் குறைஞ்சா எங்கட ஆக்கள் முகத்தை நீட்டுவினம்" என்றார்.

நியாயம்தானே? மெனுவில் ‘வேர்ட் கவுண்ட்’ என்று ஒன்று இருக்கிறது. அமத்தினால் எண்ணித் தரும். பத்து நிமிட வேலை.

நான் மௌஸில் கையை வைத்தேன், அமத்தவில்லை. மெசின் வேலை செய்யவில்லையோ என்று கேட்டார். மெசின் நன்றாகத்தான் வேலை செய்தது. போன வருடமும் நன்றாகத்தான் வேலை செய்தது – அதுதான் என் பிரச்சினை.

வாராவாரம் மற்றவர்களின் மடைத்தனத்தை எழுதி உங்களைச் சிரிக்க வைக்கிறவன் நான். இந்த வாரம் என்னுடைய முறை. சிரிப்பு வருமோ தெரியாது. பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

சண்டை ஓய்ந்து, மூடிக் கிடந்த பாதை திறந்த பிறகு, காணாமல் போன பிள்ளைகளைத் தேடித் தருகிறோம் என்று ஓர் அமைப்பு வந்தது. தாய்மார் வந்து சொல்வார்கள். எங்கள் ரைப்பிஸ்ற் சுமதி கேட்டுக் கேட்டு அடிப்பார். நான் அதைப் பிரித்து வவுனியாவுக்கு அனுப்ப வேண்டும். அங்கே ஏழு ஆசிரியர்மார், எல்லாரும் சம்பளமில்லாமல் உதவிக்கு வந்தவர்கள், அதை வாசித்து ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் இங்கிலீஸ் படிவம் நிரப்ப வேண்டும். இவ்வளவுதான் ஏற்பாடு.

முதல் தடவை பக்கக் கணக்கில் பிரித்தேன். சண்டை வந்துவிட்டது. அவருக்குக் குறைவு, எனக்குக் கூடுதல் என்று ஒருவர் போன் எடுத்து ஏசினார். எனக்கு ரோசம் வந்துவிட்டது. இனிமேல் ஒரு சொல்கூடப் பிசகாமல் பிரித்துக் காட்டுகிறேன் பாருங்கள் என்று இறங்கினேன்.

ஒரு பைலுக்கு இரண்டாயிரம் சொல். மௌஸை இழுத்து எழுத்துகளைக் கறுப்பாக்குவேன். எண்ணிப் பார்ப்பேன். ஆயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூற்றெட்டா? இன்னும் இரண்டு சொல் இழு. இரண்டாயிரமா? வெட்டு. ஆகா, என்ன ஒரு துல்லியம்! எனக்கே என்னைப் பார்க்கப் பெருமையாய் இருந்தது.

அதிலும் ஒரு சிக்கலைக் கண்டுபிடித்தேன். மெசின் சொல்லும் தொகை எப்போதும் கூடுதலாய் வந்தது. ஏன்? ஒவ்வொரு தாயின் கதை முடிகிற இடத்திலும் கையொப்பத்துக்கென்று சுமதி ஒரு புள்ளிக்கோடு அடித்திருந்தார். பழைய ரைப்ரைற்றர் பழக்கம்... ஒரு புள்ளி, ஓர் இடைவெளி, ஒரு புள்ளி, ஓர் இடைவெளி. இந்த மெசினோ இடைவெளி விட்டு நிற்கிற எதையும் சொல் என்றுதான் எண்ணும். முப்பது புள்ளி என்றால் முப்பது சொல்!

விடுவேனா? அத்தனை புள்ளிக்கோட்டையும் ஒரே தட்டில் அழித்தேன்.

சுமதி பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணை, ஒராளின்ர கதை எங்கை முடியுது எண்டு தெரியிறது அந்தப் புள்ளியாலதான்."

அவர் சொன்னதில் விசயம் இருந்தது. கடுதாசி கிடைக்காத காலத்தில் ரைப்பிங் பழகியவர்கள் நாங்கள். புதுப் பக்கம் எடுப்பதில்லை. வரிகூட விடுவதில்லை. ஒருவரின் கதை முடிந்த அதே வரியில் அடுத்தவரின் கதை தொடங்கும். கொம்பியூட்டரில் கடுதாசிக்கு என்ன பஞ்சம்? ஆனால் கை பழகிவிட்டதே. நடுவில் இருந்த ஒரே வேலி அந்தப் புள்ளிக்கோடு.

வாசிக்கிறவர்கள் படித்த ஆசிரியர்மார், அவர்களுக்கு விளங்காதா என்று நான் சுமதியின் வாயை அடைத்தேன்.

மூன்று மாதத்தில் பதில்கள் வரத் தொடங்கின. புளியங்குளத்துத் தவமணி அக்காவுக்கும் ஒன்று வந்தது. மகன் ரவி வவுனியாவுக்கு வேலைக்குப் போய்த் திரும்பாதவன். எட்டு வருடம். கடிதம் இங்கிலீசில் இருந்ததால் நான்தான் வாசித்துச் சொன்னேன். இடது முழங்காலில் உள்ளங்கை அளவு சூட்டுத் தழும்பும் பாதி முறிந்த முன்பல்லும் உள்ள ஓர் இளைஞனின் உடல் அந்த வருடமே தெற்கில் ஓர் ஆஸ்பத்திரியில் பதியப்பட்டு, கேட்க ஆளில்லாமல் புதைக்கப்பட்டிருக்கிறது.

தவமணி அக்கா அழவில்லை. "ரவிக்குத் தழும்பு இல்லையே தம்பி" என்றார்.

போன இடத்தில் வந்திருக்கும் அக்கா என்று சொன்னேன். நான்தான் சொன்னேன், என்னுடைய இந்த வாயால். பல்? அதுவும் அங்கேதான் முறிந்திருக்கும் என்றேன். அவர் என்னையும் கடிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அச்சடித்த கடிதம். கீழே முத்திரை வேறு. பெற்ற தாய் தன் கண்ணை நம்பாமல் அந்தக் கடுதாசியை நம்பினார்.

செத்தவீடு நடந்தது. எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவுக்கு நானும் போனேன். ரவிக்கு விருப்பமான கணவாய்க் கறி, அவித்த முட்டை, பால்ரொட்டி எல்லாம் சமைத்துப் படைத்திருந்தார். அவன் ஓடித் திரிந்த சைக்கிளை எட்டு வருடமாய்த் துடைத்து வைத்திருந்தவர், முப்பத்தோராம் நாள் அந்திரட்டி முடிந்ததும் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

மேலும் மூன்று மாதம் போயிருக்கும். வட்டக்கச்சியிலிருந்து செல்வராணி அக்கா வந்தார். அவருடைய மகன் குகனும் அதே காலத்தில் காணாமல் போனவன். அவருக்கு வந்த கடிதத்தில் ஒரே வரிதான்: அடையாளங்கள் எதுவும் தரப்படாததால் தேட முடியவில்லை.

செல்வராணி அக்காவுக்குக் கோபம் பொங்கியது. தான் எல்லாம் சொன்னதாகவும், சுமதி கண்ணைத் துடைத்துத் துடைத்து அடித்ததாகவும் சொன்னார். கஞ்சி கொட்டி முழங்கால் வெந்தது. கிணற்றுக்கட்டில் விழுந்து முன்பல் பாதி போனது...

ஐயோ, அந்த முழங்காலை நான் வாசித்திருக்கிறேனே.

ஆறாவது பைலைத் திறந்தேன். கடைசி வரி: ‘மருந்து வாங்க வவுனியாவுக்குப் போனவன்’. அவ்வளவுதான். இரண்டாயிரம் சொல் முடிந்தது. ஏழாவது பைலைத் திறந்தேன். முதல் வரி: ‘திரும்பி வரவில்லை.’ பிறகு தழும்பு. பிறகு பல். அதே வரியில், புள்ளிக்கோடு இல்லாமல், இடைவெளி இல்லாமல், ‘கீழே ஒப்பமிடும் நான், புளியங்குளத்தில் வசிக்கும் தவமணி’.

ஏழாவது பைலை இங்கிலீஸ் படிவமாக்கிய மாஸ்ரரைக் குறை சொல்ல ஏலுமா? தவமணி அக்கா அடையாளம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. படிவத்தில் அந்தக் கட்டம் வெறுமையாய் இருந்தது. மேலே இருந்ததை எடுத்து அதில் போட்டார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

செல்வராணி அக்கா எனக்கு முன்னால் கதிரையில் இருந்தார். என்ன செய்ய? சொன்னேன். தவமணி அக்கா செத்தவீடு செய்ததையும், பிழை என்னுடையது என்றும் சொன்னேன். குகன் இல்லை என்பதை ஒரு வெட்டுப் பிழையைக் காட்டித்தான் அந்தத் தாய்க்குச் சொன்னேன். இதைவிடக் கேவலமாய் ஒரு செத்தவீட்டுச் செய்தியை ஆரும் கொண்டுபோயிருக்கமாட்டார்கள்.

அவர் கனநேரம் கடிதத்தை மடித்து விரித்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "அப்ப அந்த அக்கா என்ர பிள்ளைக்கு எல்லாம் செய்து முடிச்சிட்டாவோ? என்ன படைச்சவா?"

கணவாய்க் கறி என்றேன்.

"அவன் கணவாய் வாயில வைக்கமாட்டானே" என்றுவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். பக்கத்து மேசையில் சுமதியும் அழுதார். எனக்கு அழக்கூட வெட்கமாய் இருந்தது.

செல்வராணி அக்கா தன்னைத் தவமணி அக்காவிடம் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். அடுத்த நாள் இருவரும் பஸ் ஏறி, மாங்குளம் தாண்டிப் புளியங்குளத்தில் இறங்கினோம். வழியெல்லாம் எனக்கு ஒரு நப்பாசை. ஒரு தாய்க்கு இடிதான், ஆனால் மற்றத் தாய்க்காவது நல்ல செய்திதானே? ரவி செத்தான் என்று இனிச் சொல்ல ஏலாது. தவமணி அக்கா சந்தோசப்படுவார்... அப்படித்தான் நினைத்தேன்.

முற்றத்தில் வைத்தே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். தவமணி அக்கா சந்தோசப்படவில்லை.

"அப்ப ரவி எங்கை?"

தெரியாது என்றேன்.

"எட்டு வருசத்துக்குப் பிறகு இந்த மூண்டு நாலு மாசம்தான் தம்பி நித்திரை கொண்டனான்" என்றார். "அதையும் பறிச்சுப்போட்டியள்."

மன்னிப்புக் கேட்கலாம், எந்தச் சொல்லால் கேட்பது? அவர் உள்ளே போய் ரவியின் படத்துக்குப் போட்டிருந்த மாலையைக் கழற்றிக்கொண்டு வந்தார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றார். பிறகு செல்வராணி அக்காவைப் பார்த்து, பிள்ளைக்குப் பிடிக்காததைப் படைத்துவிட்டேனே, எனக்குத் தெரியாமல் போச்சே என்று சொன்னார்.

செல்வராணி அக்கா அவருடைய கையைப் பிடித்தார். "இருக்கட்டும் அக்கா. பசியோட அலைஞ்ச பிள்ளைதானே. திண்டிருப்பான்."

இரண்டு பேரும் குசினிக்குள் போய்விட்டார்கள். நான் வேலியோரம் நின்றேன். வெளியே வந்த தவமணி அக்கா என்னோடு கதைத்த கடைசிக் கதை இதுதான்: "சைக்கிளையும் குடுத்திட்டன். வந்தானெண்டா முதல் அதைத்தான் கேப்பான்."

அமைப்புக்கு எழுதினேன். திருத்தின கடிதங்கள் வந்தன. குகனுக்கு அவனுடைய தாய், அவனுக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பால்கறியோடு திரும்ப எட்டுச் செலவு செய்தார். என்னையும் கூப்பிட்டார். போனேன். சாப்பாடு இறங்கவில்லை.

குளத்து உத்தியோகத்தருக்கு என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். முழு அறிக்கையையும் இருந்து வாசித்து, ஒரு குளம் முடிகிற இடமாய்ப் பார்த்து நாலாய்ப் பிரித்தேன். ஒரு நாள் முழுக்கப் போனது. ஒரு பங்கில் முந்நூறு சொல் கூடிவிட்டது என்று அவர் குறைப்பட்டார். கூடட்டும் என்றேன்.

நேற்று வவுனியாவுக்குப் போகும்போது புளியங்குளத்தில் பஸ் நின்றது. தவமணி அக்காவின் வளவைப் பார்க்காமல் இருக்கத்தான் நினைத்தேன், கண் போய்விட்டது. சைக்கிளைத் திருப்பி வாங்கிவிட்டார். சுவரில் சாத்தி வைத்து, குந்தியிருந்து காற்று அடித்துக்கொண்டிருந்தார்.