வேர் வந்த பக்கம்

பூட்டிய கதவை அவர் மறுபடியும் இழுத்துப் பார்க்கிறார். பாதித் தெருவைக் கடந்தபின் திரும்பி வந்து இழுத்தால்தான் அது கணக்கில் சேரும். பூட்டிய கையோடு இழுப்பதை அவர் சோதனையாகவே ஒப்புக்கொள்வதில்லை. "பூட்டின சூட்டோட இழுத்தா, பூட்டின கைதானே இழுக்குது. தனக்குத்தானே மார்க் போட்டுக்கும்" என்பார். மின்தூக்கிகளைப் பழுதுபார்க்கும் அவருடைய கணவர், தெருமுனையில் வண்டியை உறுமவிட்டபடி காத்திருப்பார். "பூட்டுக்கே தன்மேல சந்தேகம் வந்துடும், வாம்மா" என்பது அவருடைய அன்றாடப் பதில்.

திராட்சை ஆராய்ச்சி நிலையத்தில் அவர் ஒட்டுப் பிரிவின் தலைவர். முகத்துக்கு நேரே 'மேடம்' என்றும், முதுகுக்குப் பின்னால் 'ரெண்டு தடவை' என்றும் அழைக்கப்படுபவர். இரண்டாவது பெயர் தமக்குத் தெரியாதது போல் நடந்துகொள்வார். ஆனால் யாராவது ஒரு வேலையை முடித்துவிட்டதாக வந்து சொன்னால், "என் பேரைச் சொல்லிப் பாருங்க" என்பார். சொன்னவர் அசடு வழியச் சிரித்துக்கொண்டே திரும்பிப் போய் இன்னொரு முறை சரிபார்ப்பார். வெள்ளை மேலங்கியின் பையில் ஒட்டுக்கத்தி ஒன்றும் மூக்குக்கண்ணாடிகள் இரண்டும் எப்போதும் இருக்கும். வலது கட்டைவிரலின் ஓரம் கத்தி பட்டுப் பட்டுக் கருங்கல்லாகிவிட்டது. கீழ்த்தளத்தில் ஒயினை முகர்ந்தும் சுவைத்தும் மதிப்பிடும் அறை உண்டு. அங்கிருப்பவர்கள் வருந்தி வருந்தி அழைத்தும் அவர் இன்றுவரை ஒரு சொட்டு அருந்தியதில்லை. "கழுத்து வரைக்கும் திராட்சையிலதான் நிக்கிறேன். வாய்க்காவது லீவு குடுங்கப்பா."

ஐந்து நாடுகள் சேர்ந்து நடத்தும் ஓர் ஆய்வில் அவருடைய நிலையமும் பங்காளி. உப்பேறிய நீரிலும் பிழைக்கக்கூடிய ஒரு காட்டுக்கொடியை வேர்ப்பகுதியாக வைத்து, அதன்மேல் ஒரே ரகத் திராட்சையை ஒட்டி, ஐந்து மண்ணிலும் நட வேண்டும். பின்னர் ஐந்து இடத்து ஒயினையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எல்லோரும் ஒரே முறையைப் பின்பற்றுவதற்காக எழுதப்பட்ட கையேட்டில் ஒட்டுக்கட்டும் அத்தியாயம் இவருடையது. அதைப் பற்றிப் பேச்செடுத்தால் அவர் சொல்வது ஒன்றுதான்: "எல்லாரும் ஒரே மாதிரி தப்பு பண்ணாக்கூட சமாளிச்சுடலாம். ஆளுக்கு ஒரு மாதிரி சரியாப் பண்ணாத்தான் வம்பு."

அந்தக் காட்டுக்கொடிக்குச் சொந்தக்காரர் பூமியின் மறுபாதியில் இருக்கும் ஒரு நிலையத்தின் ஆய்வாளர். இங்கே வெயில் கொளுத்தும்போது அங்கே அவர் கம்பளிக் குல்லாயோடு கொடிகளை நறுக்கிக் கவாத்து செய்துகொண்டிருப்பார். ஆகையால் இவர் வீட்டில் அவருக்குக் 'குளிர்கால அண்ணன்' என்று பெயர். இருவருக்கும் பொதுவான மொழி இருவருக்குமே அரைகுறை. வாரந்தோறும் திரையில் சந்தித்து, சொல் பாதியும் கைச்சாடை பாதியுமாகப் பேசிக்கொள்வார்கள். அண்ணன் இந்தப் பருவத்தோடு ஓய்வு பெறுகிறார். அவர் போனதும் தாய்க்கொடிகள் நிற்கும் நிலத்தை நிர்வாகம் வேறு காரியத்துக்கு எடுத்துக்கொள்ளப் போகிறது. எனவே கடைசிக் கவாத்தில் கிடைத்த குச்சிகளைப் பங்கிட்டு நான்கு நாடுகளுக்கும் அனுப்பிவிட்டு, ஒரு சிறு குச்சிக்கட்டைத் தமக்கென்று வைத்துக்கொண்டார். முதல் பெட்டி இங்கே வந்து சேர்ந்தது.

வேருக்கான குச்சியில் முளைக்கண்களையெல்லாம் சீவிவிடுவது வழக்கம். இல்லாவிட்டால் அதுவே தளிர்விட்டு, மேலே ஒட்டிய ரகத்தின் உணவைப் பறித்துக்கொள்ளும். கண் போன குச்சியில் தலை எது, கால் எது என்று பார்த்த மாத்திரத்தில் தெரியாது. அதற்காகத்தான் ஒரு முனையை நேராகவும் மறுமுனையைச் சாய்வாகவும் வெட்டுவது. நேர்வெட்டு அடி, சாய்வெட்டு நுனி என்று தம் அத்தியாயத்தின் முதல் பக்கத்திலேயே அவர் எழுதியிருந்தார். அதன்படியே சாய்ந்த முனைகளையெல்லாம் ஒரே பக்கமாக அடுக்கி, இரண்டு தடவை சரிபார்த்து, ஒட்டுக்கட்டி, ஈர மரத்தூள் நிரப்பிய கதகதப்பான பெட்டிகளில் வைத்தார்கள்.

சில வாரங்கள் சென்றபின் ஒரு காலையில், அவரோடு நெடுங்காலம் வேலை பார்க்கும் ஒட்டுக்கட்டும் பெண்மணி ஒரு குச்சியை உருவி எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றார்.

"மேடம், இங்க கொஞ்சம் வாங்க. தாடி தலையில மொளச்சிருக்கு."

கீழ்முனை மொழுமொழுவென்றிருந்தது. மேலே, ஒட்டுக்குச் சற்றுக் கீழே, வெள்ளை வேர்முனைகள் கொத்தாக எட்டிப்பார்த்தன. மேல் ஒட்டிய துண்டு கறுத்திருந்தது. அடுத்ததை உருவினார்கள், அதுவும் அப்படியே. அதற்கடுத்ததும். மேடத்துக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு கவிழ்த்து வைத்திருந்த பெட்டி ஒன்றின்மேல் மெல்ல உட்கார்ந்தார்.

"அவங்க ஊர்ல சாய்வா வெட்டறது அடியிலயா இருக்கும். மண்ணுல சுளுவா எறங்கும்ல?"

"இருக்கும் மேடம். ஆனா நீங்க ரெண்டு தடவை பாத்தீங்களே."

"பாத்தேன். ரெண்டு தடவையும் வெட்டைத்தான் பாத்தேன். குச்சியப் பாக்கல." தோல் வரியையும் கணுவின் தழும்பையும் சற்று நிதானித்துப் பார்த்திருந்தால் எந்தப் பக்கம் மேல் என்று தெரிந்திருக்கும். தாம் எழுதிய விதியை மற்றவரும் படித்துத்தான் வெட்டியிருப்பார் என்று நம்பியதில், குச்சி சொன்னதை அவர் கேட்கவேயில்லை.

நிலையத்தின் இயக்குநர் நல்ல மனிதர். யார் மனமும் நோகக்கூடாது என்று நினைப்பவர். செய்தியைக் கேட்டதும் கதவைச் சாத்தினார்.

"இதப் போய் அஞ்சு நாட்டு முன்னாடி சொல்லணுமாம்மா? கையேட்டுல ஒட்டுக்கட்டறத எழுதினதே நீங்க. வழியிலயே காஞ்சு வந்துச்சுன்னு சொல்லிடலாம். நெஜமாவே சில குச்சி காஞ்சுதானே இருந்துச்சு?"

"மத்த நாட்டுக்கும் பெட்டி போயிருக்குங்க சார்."

"அவங்க பாடு அவங்க பாத்துப்பாங்க."

"என் கையேட்டப் பாத்துத்தான் சார் பாப்பாங்க."

இயக்குநர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "கூட்டத்துல நான் பக்கத்துல இருக்கேன். நீங்களே முடிவு பண்ணிக்குங்க. இப்படின்னு தெரிஞ்சா இனிமே யாரு நம்மள நம்பிக் குச்சி குடுப்பாங்கன்னு மட்டும் யோசிங்க."

மதியம் கணவர் தொலைபேசியில் கிடைத்தார். எங்கோ உயரத்தில் நின்றுகொண்டு பேசினார். குரலுக்குப் பின்னால் காற்று இரைந்தது. முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"ஒரு தடவை நானும் மேல போற ஒயரையும் கீழ போற ஒயரையும் மாத்திக் குடுத்துட்டேன். ஆளுங்க ஏறினப்புறம்தான் தெரிஞ்சுது."

"இத என்கிட்ட சொன்னதே இல்லையே நீங்க."

"உன்கிட்ட சொல்லிட்டு நம்ம வீட்ல குடியிருக்க முடியுமா?"

"அப்ப என்னங்க பண்ணீங்க?"

"உள்ள இருக்கறவங்களுக்கு மொதல்ல குரல் குடுத்தேன். திட்டெல்லாம் அப்புறம் வந்து ஆற அமர வாங்கிக்கிட்டேன்."

அன்று மாலையே கூட்டம் தொடங்கியது. திரையில் வழக்கமான சதுரங்கள். குளிர்கால அண்ணன் குல்லாயைக் கழற்றி வைத்திருந்தார். அங்கே இளவேனில் வந்துவிட்டது போலும். மூன்றாவது சதுரத்தில் ஓர் இளம் பெண் ஆய்வாளர், தங்கள் பெட்டி நேற்று வந்து சேர்ந்ததென்றும் காலையிலிருந்து ஒட்டுக்கட்டும் வேலை நடப்பதாகவும் மகிழ்ச்சியோடு சொல்லத் தொடங்கினார். கையேடு மிகத் தெளிவாக இருந்ததாம், நன்றியும் சொன்னார். பக்கத்தில் அமர்ந்திருந்த இயக்குநர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடம் குறுக்கே பேசுகிறவர் அல்லர். அன்று பேசினார். "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு, ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்த குச்சியை எடுத்து, ஒட்டு மேலிருக்குமாறு கேமராவுக்கு நேரே பிடித்தார். வேர்கள் மேலே தொங்கின. குச்சியை மெதுவாகத் தலைகீழாகத் திருப்பினார். இப்போது வேர்கள் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன, ஒட்டு மண்ணுக்குள் போக வேண்டிய இடத்தில் இருந்தது. அண்ணன் முகத்தைத் திரைக்கு மிக அருகே கொண்டுவந்தார். தம் சுட்டுவிரலை நிமிர்த்தி, அதன் அடியில் சாய்வாக வெட்டுவதுபோல் காட்டி, வாயைப் பொத்திக்கொண்டார்.

"எத்தனை?" என்று கேட்டார்.

"எங்ககிட்ட வந்தது எல்லாமே. தப்பு என்னுது."

அண்ணன் தலையை அசைத்தார். இல்லை என்கிறாரா, சரி என்கிறாரா என்று விளங்கவில்லை. "நான் வச்சிருக்கற கட்டு..." என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அதற்குள் மூன்றாவது சதுரத்திலிருந்த பெண் எழுந்து ஓடிவிட்டார். நாற்காலி மட்டும் சுழன்றுகொண்டிருந்தது. எங்கோ ஒரு கதவு அறைந்து சாத்தும் ஓசையும், அந்தப் பெண் யாரையோ கூவி அழைப்பதும் கேட்டன.

இயக்குநர் அவர் முழங்கையைத் தொட்டு, "கைய எறக்கிக்குங்கம்மா, எல்லாரும் பாத்துட்டாங்க" என்றார். அவர் இறக்கவில்லை. வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டு, வேர் கீழிருக்கக் குச்சியை நேராகப் பிடித்தபடி, அந்தக் காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார்.